தலைமாட்டு நோட்டும் தெளிவுக் கனவும்

கனவு நடந்துகொண்டிருக்கும்போதே ‘இது கனவு’ என்று தெரிந்திருப்பதைத் தெளிவுக் கனவு என்கிறோம். லூசிட் ட்ரீம் என்று இன்றைய இளைஞர்கள் பேசிக்கொள்வது இதைத்தான். அதைப் பழக ஆசைப்பட்டு எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் முதல் பாடம் ஒன்றாகவே இருக்கிறது: தலைமாட்டில் ஒரு நோட்டும் பென்சிலும் வைத்துக்கொள், கண் விழித்ததும் கண்ட கனவை எழுது. நூற்றைம்பது ஆண்டுகளாக இந்தப் பாடம் மாறவில்லை. எழுதுவதால் தெளிவு வருகிறதா, அல்லது இயல்பாகவே கனவில் ஈடுபாடு உள்ளவர்கள் நோட்டும் எழுதுகிறார்களா என்ற கேள்வியைத் தனியாக எடுத்து ஆராய்ந்தவர்கள் மிகச் சிலரே.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நோட்டு எழுதினால் மட்டும் தெளிவுக் கனவு வந்துவிடும் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. ஆனாலும் சான்றுள்ள முறைகளில் முக்கியமானது நோட்டில் சேரும் சரக்கை நம்பித்தான் நடக்கிறது. எழுதுவதைவிட, எழுதியதைத் திரும்பப் படிப்பதில்தான் பலன் அதிகம் என்பதும் என் எண்ணம். அதைப் பெரும்பாலோர் செய்வதில்லை.

தெளிவுக் கனவு யோகிகளுக்கு மட்டும் வாய்க்கும் அபூர்வம் அல்ல. ஐம்பது ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து டேவிட் சாண்டர்ஸ் குழுவினர் 2016-இல் வெளியிட்ட கணக்கின்படி, ஏறத்தாழ 55 விழுக்காட்டினர் வாழ்நாளில் ஒருமுறையாவது அதைக் கண்டிருக்கிறார்கள். 23 விழுக்காட்டினருக்கு மாதம் ஒருமுறையோ அதற்கு மேலோ வருகிறது. தானாக வருவது பலருக்கும் உண்டு. வேண்டும் என்று நினைத்து வரவழைப்பதுதான் கடினம்.

அப்படி வரவழைத்தவர்களில் முதலில் பேசவேண்டியவர் பிரெஞ்சுக்காரரான எர்வே த சான்-தெனி (1822-1892). பிற்காலத்தில் பாரிசின் கொலேஜ் த பிரான்சில் சீன மொழிப் பேராசிரியராக இருந்தவர். 13 வயதில் பொழுதுபோக்காகத் தன் கனவுகளை எழுதவும் வரையவும் தொடங்கினார். அது 22 நோட்டுகளாக, 1,946 இரவுகளின் பதிவாக வளர்ந்தது. 1867-இல் ‘கனவுகளும் அவற்றை இயக்கும் வழிகளும்’ என்று பொருள்படும் தலைப்பில், ஆசிரியர் பெயர் போடாமல் ஒரு நூலை வெளியிட்டார். பிராய்டு தேடியும் கிடைக்காத நூல் அது. மூல நோட்டுகள் பிறகு தொலைந்துபோயின; நூல் மட்டும் மிஞ்சியது.

அதில் அவர் தரும் கணக்கைத்தான் நோட்டின் ஆதரவாளர்கள் இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். 207-ஆம் இரவில் முதன்முறையாகக் கனவுக்குள்ளேயே ‘இது கனவு’ என்று தெரிந்தது. 214-ஆம் இரவில் மறுபடியும். ஆறு மாதம் கழிந்தபோது ஐந்து இரவுகளுக்கு இரண்டு என்றானது. ஓராண்டில் நான்குக்கு மூன்று. பதினைந்து மாதத்தில் ஏறக்குறைய எல்லா இரவுகளிலும். படிப்படியாக ஏறும் இந்த வரிசையைப் பார்த்தால் எழுதிய பழக்கமே காரணம் என்று தோன்றத்தான் செய்யும். ஆனால் இது ஒரே ஒருவரின் கதை. கனவை எழுதி, வரைந்து, பகலெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்த ஒரு சிறுவனுக்கு எது பலன் தந்தது என்று இதிலிருந்து பிரித்துச் சொல்ல வழியில்லை.

என்னை அதிகம் கவர்ந்தது அவருடைய வாசனைச் சோதனை. விவாரே என்ற மலைப்பகுதிக்குப் போய்த் தங்கியபோது, அதுவரை முகராத ஒரு வாசனைத் திரவியத்தை வாங்கிச் சென்று, அங்கே இருந்த நாளெல்லாம் கைக்குட்டையில் தெளித்து முகர்ந்தார். ஊர் திரும்பியதும் குப்பியை இறுக மூடிவைத்துவிட்டார். மாதங்கள் கழித்து அதை வேலைக்காரரிடம் கொடுத்து, ‘நான் அயர்ந்து தூங்கும் ஏதாவது ஓர் இரவில் தலையணையில் சில துளி விடு, எந்த இரவு என்று என்னிடம் சொல்லாதே’ என்றார். நாட்கள் போயின. ஒரு காலையில் நோட்டில் விவாரேயின் மலைகள் வந்து நின்றன. விசாரித்தால், முந்தைய இரவில்தான் துளிகள் விழுந்திருந்தன. பிறகு இரண்டு இடங்களோடு பழக்கிய இரண்டு வாசனைகளை ஒன்றாக விடச் செய்தார். இரண்டு இடமும் ஒரே கனவில் கலந்து வந்தன. எந்த இரவு என்று தெரியாமலே எழுதி முடித்து, அதன் பிறகு வேலைக்காரரிடம் ஒத்துப்பார்த்ததால்தான் இதற்குச் சோதனை என்ற தகுதி வந்தது. இங்கே நோட்டு சாட்சியாக நிற்கிறது.

எர்வேக்கு அடுத்த பெயர் டச்சு மனநல மருத்துவரும் எழுத்தாளருமான பிரெடெரிக் வான் ஏடன். 1898 ஜனவரி 20 முதல் 1912 டிசம்பர் 26 வரை 352 தெளிவுக் கனவுகளைக் குறித்துவைத்து, 1913-இல் லண்டன் உளவியல் ஆராய்ச்சிக் கழகத்தின் இதழில் கட்டுரை எழுதினார். அவர் குறித்த ஒரு செய்தி பிற்காலத்தில் பெரும் பொருள் பெற்றது. அவருடைய தெளிவுக் கனவுகள் அத்தனையும் காலை ஐந்து மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில் வந்தவை. 

ஆசியாவில் இதைவிடப் பழைய நோட்டு ஒன்று உண்டு. ஜப்பானியத் துறவி மியோயே (1173-1232) சுமார் நாற்பது ஆண்டுகள் தம் கனவுகளை எழுதிவந்தார். அவருக்கு அது வழிபாட்டின் ஒரு பகுதி. நம்மிடமும் கனவைக் கவனிக்கும் மரபு உண்டு. அது பலன் பார்க்கும் மரபு. எந்த ஜாமத்துக் கனவு எவ்வளவு காலத்தில் பலிக்கும் என்று கனா நூல் வகுத்துச் சொல்கிறது. விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று இன்றும் வீடுகளில் சொல்கிறார்கள். பலிப்பது ஒருபுறம் இருக்கட்டும். விடியற்காலைக் கனவுதான் நினைவில் நிற்கிறது என்பதை நம் பாட்டிகள் சரியாகவே கவனித்திருக்கிறார்கள்.

இதற்கும், வான் ஏடன் குறித்த காலை நேரத்துக்கும் காரணம் தூக்கத்தின் அமைப்பில் இருக்கிறது. 1953-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கியும் நதானியேல் கிளைட்மனும், தூங்குபவரின் கண்கள் சில சமயம் மூடிய இமைக்குள் வேகமாக அசைவதைப் பதிவுசெய்தார்கள். ரெம் தூக்கம் என்று அழைக்கப்படும் அந்தக் கட்டத்தில் எழுப்பினால் பெரும்பாலோர் கனவு சொல்வார்கள். ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒருமுறை அது திரும்ப வரும். முன்னிரவில் சில நிமிடங்களே நீடிக்கும். விடியும் தறுவாயில் அரைமணி நேரமோ அதற்கு மேலோ போகும். எட்டு மணி நேரம் தூங்கவேண்டியவர் ஆறு மணி நேரத்தில் அலாரம் வைத்து எழுந்தால், இழப்பது கால் பங்குத் தூக்கம்தான். ஆனால் ரெம் தூக்கத்தில் கால் பங்குக்கும் மேல் பறிபோகிறது. ‘எனக்குக் கனவே வருவதில்லை’ என்று சொல்லும் பலருக்கு முதல் மருந்து நோட்டு அல்ல, இன்னும் கொஞ்சம் தூக்கம்.

கனவு இவ்வளவு விரைவாகக் கரைவதற்கு மூளையின் வேதியியலும் காரணம். நினைவைப் பதியவைக்க உதவும் நார் அட்ரினலின், ரெம் தூக்கத்தில் மிகக் குறைந்துவிடுகிறது. 2019-இல் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்ற ஓர் எலி ஆய்வு, ரெம் தூக்கத்தின்போது ஹைபோதலாமசில் இயங்கும் ஒருவகை நரம்பணுக்கள் நினைவை அழிப்பதில் பங்கேற்கின்றன என்று காட்டியது. எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்திவிட முடியாது. ஆனாலும் கனவை மறப்பது அக்கறைக் குறைவால் அல்ல, உடலின் ஏற்பாட்டால் என்று எண்ண இது இடம் தருகிறது. நினைவு வராத நாளில் தன்னையே நொந்துகொள்ளும் புதியவர்களுக்கு இது தெரிந்திருப்பது நல்லது.

அமெரிக்க உளவியலாளர் மேரி விட்டன் கால்கின்ஸ் 1893-இல் வெளியிட்ட ஆய்வில், கனவு இப்படிக் கரைவதை நேரில் உணர்ந்து எழுதியிருக்கிறார். அவரும் உடன் ஆய்வு செய்தவரும் இரவில் பல நேரங்களில் அலாரம் வைத்து எழுந்து, 375 கனவுகளைத் திரட்டினார்கள். பென்சிலை எடுக்கக் கை நீட்டுவதோ மெழுகுவர்த்தியைக் கொளுத்துவதோகூடக் கனவைக் கலைத்துவிடப் போதும் என்று அவர் குறிப்பிடுகிறார். கனவு நோட்டு எழுதிப் பார்த்த எவரும் இதை மறுக்கமாட்டார்கள். கண்ணைத் திறக்காமல், புரண்டுகூடப் படுக்காமல், கடைசிக் காட்சியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் போவதுதான் நல்ல வழி. அப்படிப் போய் முடித்த பிறகு நான்கைந்து சொற்களைக் கிறுக்கிவைத்தால் போதும். முழுதாக எழுதுவதைக் காபிக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். கைபேசியில் எழுதுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். திரையில் காத்திருக்கும் முதல் வாட்ஸ்அப் செய்தியிலேயே கனவு போய்விடுகிறது. எழுத முடியாதவர்கள் குரல்பதிவு செய்யலாம்.

இனி, எழுதினால் கனவு கூடுதலாக நினைவில் நிற்குமா என்ற கேள்வி. நிற்கும், ஆனால் எல்லாருக்கும் ஒரே மாதிரி அல்ல. ஜெர்மனியின் மான்ஹைம் மனநல மையத்தைச் சேர்ந்த மைக்கேல் ஷ்ரெடிலின் ஆய்வுகள் காட்டுவது இதுதான்: கனவு குறைவாக நினைவிருப்பவர்களுக்கும் நடுத்தரமாக நினைவிருப்பவர்களுக்கும் குறிப்பெழுதுவது நினைவைக் கூட்டுகிறது. ஏற்கெனவே ஏராளமாக நினைவிருப்பவர்களுக்கு எண்ணிக்கை குறையவும் செய்கிறது. ஒவ்வொன்றையும் நீட்டி எழுதவேண்டுமே என்ற சுமை அவர்களைத் தளர்த்திவிடுகிறது என்று நினைக்கிறேன். பிரெஞ்சு எழுத்தாளர் ஜார்ஜ் பெரெக் 124 கனவுகளை எழுதி 1973-இல் நூலாக்கியபோது, எழுதுவதற்காகவே கனவு காணத் தொடங்கிவிட்டதாக உணர்ந்ததை அதன் முன்னுரையில் பதிவு செய்தார். அதிகம் எழுதுகிறவர்கள் அந்த எச்சரிக்கையை மனத்தில் வைக்கவேண்டும்.

கனவு அதிகம் நினைவிருப்பவர்களுக்குத் தெளிவுக் கனவும் அதிகம் என்பது ஷ்ரெடிலும் டேனியல் எர்லாக்கரும் 2004-இல் காட்டிய தொடர்பு. ஆனால் இரண்டும் சேர்ந்து வருவதாலேயே ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது. ஒருவர் தெளிவுக் கனவு கண்டும் காலையில் மறந்துவிட்டால், கணக்கில் அவர் ‘காணாதவர்’. ஆக, நோட்டு தெளிவுக் கனவுகளைப் பெருக்கியதா, இருந்தவற்றைக் கணக்குக்குக் கொண்டுவந்ததா என்று பிரித்தறிவது கடினம். இத்துறையில் பல ஆய்வுகள் தடுக்கி விழுந்த இடம் இதுவே.

இந்தச் சிக்கலில் பாதியை அவிழ்த்தது ஒரு கண்சைகை. ரெம் தூக்கத்தில் உடல் தசைகள் முடங்கிக் கிடந்தாலும் கண்கள் அசையும். 1975 ஏப்ரல் 12 அன்று இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில், கீத் ஹர்ன் கண்காணிக்க, ஆலன் வர்ஸ்லி என்பவர் தூங்கிக்கொண்டே, முன்பே பேசிவைத்தபடி கண்களை இடமும் வலமுமாக அசைத்துத் தாம் தெளிவாக இருப்பதைத் தெரிவித்தார். அதை அறியாமலே ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் லபெர்ஜ் அதே முறையைத் தனியாகக் கண்டு, 1981-இல் வெளியிட்டார். அதுவரை தத்துவவாதிகள் ‘தூங்குபவருக்குத் தான் தூங்குவது தெரியாது’ என்று அடித்துச் சொல்லிவந்தார்கள். நோட்டை மட்டும் நம்பி அவர்களுக்குப் பதில் சொல்ல முடிந்ததில்லை. கண்சைகைப் பதிவு சொல்லிவிட்டது.

ஆனால் அந்தச் சைகையைக் கொடுக்கும் இடத்துக்கு லபெர்ஜ் வந்துசேர்ந்தது நோட்டின் வழியாகத்தான். மூன்றாண்டுகளில் அவர் 389 தெளிவுக் கனவுகளைப் பதிவுசெய்தார். மாதத்துக்கு ஒன்றும் உறுதியில்லாமல் இருந்தது, தாமே வகுத்த ஒரு முறையைப் பின்பற்றியபோது மாதம் இருபதைத் தாண்டியது. மைல்ட் என்று அழைக்கப்படும் அந்த முறை இப்படி: அதிகாலையில் ஒரு கனவிலிருந்து விழித்ததும் அதை முழுதாக நினைவுக்குக் கொண்டுவரவேண்டும். அதில் ‘இது கனவு’ என்று காட்டிக்கொடுக்கும் ஒன்றைத் தேடவேண்டும். ‘அடுத்து கனவு காணும்போது, கனவு காண்கிறேன் என்பதை நினைவில் கொள்வேன்’ என்று உறுதிசெய்துகொண்டு, அதே கனவுக்குள் போய் அந்த அடையாளத்தைக் கண்டுகொள்வதாகக் கற்பனை செய்தபடியே மறுபடி தூங்கவேண்டும். கையில் ஒரு கனவு நினைவில் இல்லாவிட்டால் இதைத் தொடங்கவே முடியாது. நோட்டுப் பழக்கம் தேவைப்படுவது இங்கேதான்.

அடையாளம் என்பதை ஒரு பக்கத்தைக் காட்டிச் சொல்வது எளிது. என் நோட்டில் திரும்பத் திரும்ப வரும் வகைக் கனவு இது: ‘பரீட்சை ஹால். பழைய பள்ளிக்கூடம், ஆனால் மாடிப்படி இறங்கினால் தெப்பக்குளம். கேள்வித்தாளில் முதல் கேள்வியைப் படித்துவிட்டு மறுபடி பார்க்கிறேன், எழுத்தே இல்லை. வாசலில் அப்பா, பஸ்ஸுக்குச் சில்லறை இருக்கிறதா என்று கேட்கிறார். இருக்கிறது என்று சொல்லிவிட்டு நடக்கிறேன்.’ இதில் மூன்று இடங்களில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன்: தெப்பக்குளத்தில் முடியும் படி, மறையும் எழுத்து, அப்பா. அப்பா இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அவர் எதிரில் நிற்கிறார் என்பது ஒன்றே ‘இது கனவு’ என்று தெரிந்துகொள்ளப் போதும். ஆனால் கனவுக்குள் அது உறைப்பதில்லை. ரெம் தூக்கத்தில், ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்லும் முன்மூளைப் பகுதிகளின் இயக்கம் தணிந்துவிடுவதே காரணம் என்கிறார்கள். ஒரு மாதத்துப் பக்கங்களை ஒருசேரப் படித்தபோதுதான் அப்பா இத்தனை முறை வந்துபோயிருக்கிறார் என்பதே எனக்குத் தெரிந்தது. ஒவ்வொரு காலையிலும் அதைத் தனித்தனியாக எழுதியவன் நான்தான். ஆனாலும் எழுதும்போது பட்டிருக்கவில்லை.

திரும்பப் படிப்பதற்கு நான் இவ்வளவு அழுத்தம் கொடுப்பது இதனால்தான். வாரம் ஒருமுறை நோட்டைப் புரட்டி, மீண்டும் மீண்டும் வரும் ஆட்கள், இடங்கள், நடக்கமுடியாத நிகழ்ச்சிகள் ஆகியவற்றுக்குக் கோடு போடவேண்டும். இரவில் மைல்ட் செய்யும்போது மனம் பற்றிக்கொள்ளக் குறிப்பான ஒன்று கிடைக்கிறது. ‘தெளிவாக இருப்பேன்’ என்று பொதுவாகச் சொல்லிக்கொள்வதைவிட, ‘அப்பாவைக் கண்டால் நினைவு வரவேண்டும்’ என்பது பிடிப்புள்ள உறுதி.

ஜெர்மானிய உளவியலாளர் பால் தோலி பரப்பிய இன்னொரு வழி, பகலில் பலமுறை ‘நான் இப்போது கனவு காண்கிறேனா?’ என்று உண்மையாகவே கேட்டு, சுற்றுமுற்றும் சோதித்துப் பார்ப்பது. அதில் ஒரு குறை தெரிகிறது. கனவின் மிக வலுவான அடையாளங்கள் பகலில் எதிர்ப்படுவதில்லை. இறந்தவர் பகலில் வந்து நிற்கமாட்டார். ஆகவே பகல் பழக்கம் அந்த இடத்துக்குப் போய்ச் சேராமல் நின்றுவிடுகிறது. இது என் ஊகம். ஆனால் ஆய்வு முடிவுகள் அதற்கு முரணாக இல்லை.

அந்த முடிவுகள் எவை? தடாஸ் ஸ்டும்ப்ரிஸ் குழுவினர் 2012-இல் 35 ஆய்வுகளை அலசி, எந்த முறையும் தெளிவுக் கனவை நம்பிக்கையாக வரவழைப்பதாக நிரூபிக்கப்படவில்லை என்றார்கள். அதன்பின் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் டென்ஹோம் ஆஸ்பி 169 பேரை வைத்து நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வில், பகல் சோதனை, அதிகாலையில் எழுந்து மறுபடி தூங்குவது, மைல்ட் ஆகிய மூன்றையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு முயன்ற இரவுகளில் 17 விழுக்காட்டில் பலன் கிடைத்தது. மைல்ட் முடித்து ஐந்து நிமிடத்துக்குள் தூங்கிவிட்டவர்களுக்கு அது 46 விழுக்காடு. பகல் சோதனை மட்டும் செய்தவர்களுக்கு அந்த ஒரு வாரத்தில் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. வெற்றியை முன்கூட்டியே காட்டியவை இரண்டு: விரைவில் மறுபடி தூங்கிவிடுவது, பொதுவாகவே கனவுகளை நன்றாக நினைவில் வைத்திருப்பது. இரண்டாவது, நோட்டுப் பழக்கத்தால் வளர்க்கக்கூடிய திறன். நோட்டுக்குச் சாதகமாக எனக்குத் தெரிந்த வலுவான சான்று இதுதான். அதுவும் நேர்ச்சான்று அல்ல, சுற்றிவரும் சான்று.

இதில் எச்சரிக்கைகளும் உண்டு. அதிகாலையில் வேண்டுமென்றே தூக்கத்தை முறித்துக்கொள்வது, ஏற்கெனவே தூக்கம் குறைந்தவர்களுக்குக் கேடு. இஸ்ரேலின் பென்-குரியன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிரிட் சோஃபர்-டூடெக், இந்த உத்திகள் தூக்கத்தையும், கனவுக்கும் நனவுக்கும் இடையிலான எல்லையையும் குலைக்கக்கூடும் என்ற கவலையை 2020-இல் எழுதினார். மனச்சிதைவு போன்ற நோயால் நனவிலேயே எல்லை மங்கியவர்கள் இதில் இறங்கக்கூடாது என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. கொடுங்கனவால் வதைபடுகிறவர்கள் அதை ஒவ்வொரு காலையும் விரிவாக எழுதுவதும் நல்லதல்ல. அவர்களுக்குப் பென்சிலின் பயன் வேறு. பேரி கிராக்கோவும் உடன் ஆய்வாளர்களும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், பாலியல் வன்முறைக்கு ஆளான 168 பெண்கள் பங்கேற்றார்கள். கொடுங்கனவைத் தாங்கள் விரும்பியபடி மாற்றி எழுதி, மாற்றிய வடிவத்தைப் பகலில் மனத்துக்குள் ஓட்டிப் பார்க்கும் பயிற்சியைப் பெற்றவர்களுக்குக் கொடுங்கனவு குறைந்தது. கனவுக்குள் தெளிவு பெறவேண்டிய அவசியமே அவர்களுக்கு இருக்கவில்லை.

இன்னொரு பழைய ஐயம் பாக்கி இருக்கிறது: காலையில் நோட்டில் எழுதுவது, இரவில் கண்ட கனவுதானா? அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து ஆகிய நான்கு நாடுகளின் ஆய்வகங்கள் சேர்ந்து 36 பேரை வைத்து நடத்தி, கேரன் கான்கோலி முதலானோர் 2021-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு வழி திறந்தது. தெளிவுக் கனவில் இருப்பவரிடம் வெளியிலிருந்து கேள்வி கேட்டார்கள். எட்டிலிருந்து ஆறு போனால் எத்தனை என்று கேட்டபோது, தூங்கிக்கொண்டிருந்த ஓர் அமெரிக்க இளைஞர் கண்களை இருமுறை அசைத்துப் பதில் சொன்னார். 158 முயற்சிகளில் சரியான விடை வந்தது 18.4 விழுக்காட்டில். பாதிக்கு மேற்பட்ட முயற்சிகளில் பதிலே இல்லை. ஆனால் நோட்டு எழுதுகிறவர்கள் கவனிக்கவேண்டியது வேறொன்று. விழித்த பிறகு சிலர் நினைவிலிருந்து சொன்ன கணக்கு, அவர்களிடம் கேட்கப்பட்ட கணக்காக இல்லை. கனவில் நடந்தது ஒன்று, காலையில் நினைவுக்கு வந்தது ஒன்று என்பதைப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிந்திருக்கிறது.

நோட்டு பற்றிய கேள்வியையும் இதே முறையில் தீர்க்கலாம். கனவு நினைவில் சமமாக உள்ள மூன்று குழுக்கள் வேண்டும். ஒரு குழு எழுதி, வாரம் ஒருமுறை திரும்பப் படித்து அடையாளம் தேடட்டும். இன்னொன்று எழுதி மூடிவைத்துவிடட்டும். மூன்றாவது எழுதவே வேண்டாம். மூன்றிலும் தெளிவுக் கனவை, காலையில் அவர்கள் சொல்வதை வைத்து எண்ணாமல், இரவில் பதிவாகும் கண்சைகையை வைத்து எண்ணவேண்டும். தூக்கத்தைப் பதிவுசெய்யும் நெற்றிப்பட்டைகள் வீட்டில் அணியும் அளவுக்கு வந்துவிட்டன. ஆகவே ஒரு பல்கலைக்கழகத்து உளவியல் துறையே இரண்டு பருவங்களில் இதை நடத்தி முடித்துவிடலாம்.